நீல டயல் வாட்சும் ஜெப்சிக்க அப்பாவும்

என் வீட்டுக்காரர் ராஜையனிடம் மணி என்ன என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது. முற்றத்தில் இறங்கி, தென்னை மூட்டில் கிடக்கிற நிழலைப் பார்த்து, வானத்தைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, "பதினொண்ணு ஆவப்போவுதுன்னு தோணுது" என்பார். கையில் வாட்ச் கிடையாது. இத்தனைக்கும் மனுஷர் மஸ்கட்டில் இருபத்தாறு வருஷம் வாட்ச் கடையில் வேலை பார்த்தவர். அதுவும் சாதாரணக் கடை இல்லை. கப்பல் முதலாளிகளும் பெரிய டாக்டர்மார்களும் செருப்புச் சத்தம் கேட்காமல் மெத்தென்ற விரிப்பில் நடந்து வருகிற கடை.

போன திங்கட்கிழமை அந்தக் கடையிலிருந்து சிஜோ போன் செய்தான். சிஜோ இவருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்து, இப்போது அங்கே மேனேஜர். "ராஜையன் அண்ணே, ரெண்டு வருஷம் மட்டும் வாங்க. பழைய கஸ்டமர் எல்லாம் உங்களையே கேக்குதாவ. ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் பறஞ்சா போதும்" என்றான். இவர் "பாப்போம் மக்கா" என்று சொல்லிவிட்டு, அரை மணி நேரம் கிணற்றடியில் போய் நின்றார்.

எனக்கு அவர் போகக் கூடாது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் தேவகனி, முப்பது வருஷமாக மூணாம் வகுப்பு டீச்சர். நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்கார வைக்கிற என் வாய்க்கு, வீட்டில் ஒரு வார்த்தை வரவில்லை என்றால் பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

கல்யாணமான மறு வருஷம், தொண்ணூற்றாறில், அவர் மஸ்கட் போனார். கடை துடைக்கிற வேலைக்குத்தான் போனார். ரெண்டு மூணு நாள் அசையாமல் கிடக்கிற வாட்சுகள் காலையில் பார்த்தால் நின்று போயிருக்கும். கையில் கட்டி ஆட்டினால்தான் அவை ஓடும். கடை திறப்பதற்கு முன்னால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, திருகி, நேரம் வைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் திரும்ப வைக்க ஒரு ஆள் வேண்டும். கை நடுங்காத ஆள், அவசரப்படாத ஆள். அவசரம் என்றால் என்னவென்று தெரியாத ஒரு ஆள் அவர்களுக்கு எங்கள் இரணியலிலிருந்து கிடைத்தார்.

"ஒரு மணிக்கூர் நேரம் கடையில நான் மட்டுமாக்கும்" என்று போனில் சொல்வார். "ஏசி சத்தம்கூட கேக்காது. ஒவ்வொண்ணா கையில கெட்டுவேன். ஒரு நிமிஷம் அப்பிடியே நிப்பேன். உள்ள உள்ள முள்ளு நடக்கத் தொடங்கும் பாரு, அது கையில தெரியும்." நான் இங்கே பால் பொங்கி வழிகிற அடுப்பின் பக்கத்தில் ரிசீவரைக் காதில் இடுக்கிக்கொண்டு, "சாப்பிட்டியளா?" என்று கேட்பேன். அவர் சாப்பிட்டாரா என்பதை மறந்திருப்பார். அப்படி ஒரு ஆள்.

பிறகு அவரை விற்பனைக்கு நிற்க வைத்தார்கள். இவர் என்ன வியாபாரம் செய்திருப்பார் என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். சிஜோதான் சொன்னான். இவர் எதையும் வாங்கச் சொல்ல மாட்டாராம். வருகிறவர் ஒரு வாட்சைப் பார்த்தால், இவரும் பக்கத்தில் நின்று அதையே பார்ப்பாராம். இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டே நிற்பார்களாம். கடைசியில் வந்தவர் வாங்கிவிடுவாராம். இப்படியும் ஒரு பிழைப்பு.

அந்தக் கடையில் ஒரு நீல டயல் வாட்ச் இருந்தது. சுவிட்சர்லாந்து கம்பெனி. பெயர் சொல்ல மாட்டேன். விளம்பரத்துக்கு எனக்கு யாரும் படி அளக்கவில்லை. தங்கம் இல்லை, கல் இல்லை, வெறும் ஸ்டீல். வாசலுக்கு இடது பக்கம் முதல் தட்டில் அதன் இடம். "ஏட்டி, முட்டத்துல பாறைக்கு அங்கோட்டு, வெயில் ஏறுன பொறவு ஒரு நீலம் வருமே, ஓர்ம இருக்கா? அதாக்கும் இது" என்பார். கல்யாணமான புதிதில் முட்டம் கடற்கரைக்குப் போயிருந்தோம். நான் புதுச் சேலை கட்டியிருந்தேன். மனுஷர் மத்தியானம் வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நீலத்தின் மேல் எனக்கு அன்றைக்கே ஒரு கோபம் உண்டு.

ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க லீவு. நாற்பத்தைந்து நாள். முதல் பத்து நாள் வீட்டுக்குள் யாரோ வந்திருக்கிற மாதிரி எனக்கே கூச்சமாக இருக்கும். எங்கள் மகள் ஜெப்சி கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். அடுத்த இருபது நாள் சொந்தக்காரர், ஜெபக்கூட்டம், கல்யாணம், ஓடு மாற்றுவது, கிணறு தூர் வாருவது. கடைசிப் பதினைந்து நாளில்தான் எங்களுக்குப் பேச்சு வரும். சாயங்காலம் ரெண்டு பேரும் கொல்லையில் சும்மா உட்கார்ந்திருப்போம். அவர் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது சொல்லுவார். கனவில் யாரோ பேசுவதை நான் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். அப்படி இருக்கும்போதே பெட்டியை எடுக்க வேண்டி வரும்.

போகிற அன்றைக்கு எங்கள் சபை உபதேசியார் வந்து பயண ஜெபம் செய்வார். நான் நேந்திரங்காய் வத்தலும் முந்திரிக்கொத்தும் நெத்திலிக் கருவாடும் கட்டி வைப்பேன். திருவனந்தபுரம் ஏர்போர்ட் வரைக்கும் கூடவே போவேன். ஒரு தடவைகூட "போவாண்டாம்" என்று சொன்னது கிடையாது. எங்கள் வீட்டில் பயணம் போகிறவரை மறிக்கக் கூடாது. என் சித்தி ஒருத்தி, பம்பாய்க்குப் புறப்பட்ட சித்தப்பாவைப் படி இறங்குகிற நேரத்தில் "இண்ணைக்குப் போவாண்டாம்" என்று தடுத்தாள். அவர் கேட்காமல் போனார். மூன்றாம் மாசம் காய்ச்சலில் இறந்த செய்திதான் வந்தது. அன்று தொடங்கி எங்கள் குடும்பத்தில் பெண்கள் யாரும் வாசலில் வைத்து வாய் திறப்பதில்லை. சகுனம் பார்ப்பது பாவம் என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவளும் நான்தான். என்ன செய்ய, பயம் பாடம் கேட்காதே.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில், ஏப்ரல் மாசம், ஒரு மத்தியானம் போன் வந்தது. அவர் அந்த நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை.

"நிறுத்திட்டானுவ" என்றார். குரலே இல்லை.

"யார? சிஜோவையா? உங்களையா?"

"நீல டயல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கொரோனா காலம், எந்த நேரம் யாருக்கு என்ன என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறோம். "நல்ல ஆளு! ஒரு வாட்சுக்காவேண்டியா இப்பிடி விளிச்சிய? எனக்க நெஞ்சு நிண்ணு போச்சு" என்று சத்தம் போட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. வசந்த காலத்தில் சுவிட்சர்லாந்தில் ஒரு பெரிய கண்காட்சி நடக்குமாம். அன்றைக்குக் காலையில் புது வாட்சுகளைக் காட்டுவார்களாம். பழையதில் எதை நிறுத்துகிறோம் என்று மட்டும் வாய் திறக்க மாட்டார்களாம். கம்பெனிப் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் எடுத்து விடுவார்களாம். கடைக்காரனுக்கும் வாங்குகிறவனுக்கும் ஒரே நேரத்தில்தான் தெரியுமாம்.

"விக்காம கிடந்துதா?" என்று கேட்டேன்.

"விக்காமலா? உள்ளதுலயே அதத்தான் கூடுதல் ஆளு கேக்கும்."

"அப்பம் எதுக்கு நிறுத்துனானுவ? நல்லா பால் தாற மாட்ட எவனாவது அவுத்து விடுவானா?"

அவர் போனை வைத்துவிட்டார். ஆனால் நான் கேட்ட கேள்வி அவருக்குள் இறங்கிவிட்டது. அதன் பிறகு வாராவாரம் ஒரு காரணத்தோடு போன் செய்வார். எனக்கும் வீட்டில் சோலி இல்லாத காலம், பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. ஒவ்வொரு காரணத்தையும் நான் பரீட்சைத் தாள் மாதிரி திருத்தி அனுப்புவேன்.

முதல் வாரம்: "அது கையால கோக்குற சாமானமாக்கும். வருஷத்துக்கு இத்தன எண்ணம்தான் செய்ய முடியும். பழசையே செய்துகிட்டிருந்தா புதுசு செய்ய ஆளும் கிட்டாது, மேசையும் கிட்டாது."

"ஆளு பழசத்தானே கேக்குது? புதுசு எதுக்கு செய்யணும்?"

அடுத்த வாரம்: "உள்ள உள்ள மெஷின மாத்திட்டானுவ. பழையது ரெண்டு நாளு ஓடும், புதுசு மூணு நாளு ஓடும். காந்தம் பக்கத்துல வந்தாலும் நேரம் தெத்தாது. ஆனா மெஷினு ஒரு நூலு பெருசு. அப்பம் வாட்சுக்க கூடும் பெருசாவணும். கூடு பெருசானா டயலும் மாறணும், முள்ளும் நீளணும். கடைசியில பாத்தா அது வேற வாட்சாக்கும்."

இது கொஞ்சம் நியாயமாகத் தெரிந்தது. பாதி மார்க் கொடுத்தேன்.

பிறகு ஒரு நாள் சொன்னார்: "வாறவன் எல்லாம் அதையே கேக்குதான். தங்கத்துல செய்தத ஒருத்தனும் திரும்பிப் பாக்கல்ல. கம்பெனிக்குன்னு உள்ள பேரு எல்லாம் அந்த ஒரு வாட்சுக்குப் போயிருச்சு. அதுல முதலாளிக்கு வெஷமம் இருக்காதா?"

"ஓ, பொறாம! ஒரு வாட்சு மேல!" என்று நான் சிரித்தேன். வெகு நாளைக்குப் பிறகு நாங்கள் ரெண்டு பேரும் போனில் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

கடையில் நடந்த கூத்தையும் சொன்னார். பத்து வருஷமாக அந்தக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துவிட்டு, அடுத்த தடவை வாங்கலாம் என்று போனவர்கள் எல்லாரும் ஓடி வந்தார்களாம். ஒரு டாக்டர் காலி இடத்தைப் பார்த்துக் கடைக்குள் நின்று சண்டை போட்டாராம். ஒரு அம்மா, இறந்துபோன புருஷன் ஆசைப்பட்ட வாட்ச் என்று அழுதாளாம். இருந்த கடைசி இரண்டும் ஒரே மத்தியானத்தில் போய்விட்டன. இவர் அந்தக் காலி இடத்தை ஒரு வாரம் வரைக்கும் வேறு எதையும் வைக்காமல் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மறு வருஷம் முட்டு வலி என்று சொல்லி, வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து சேர்ந்தார். ஜெப்சிக்குக் கல்யாணமாகி அவள் கோயம்புத்தூர் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் ரெண்டு பேர் மட்டும். வந்த புதிதில் ஒரு சாயங்காலம், மரச்சீனிக் கிழங்கு அவித்துத் தின்றுகொண்டிருக்கும்போது, நான் கேட்காமலே சொன்னார்.

"ஏட்டி, இப்பம்தான் எனக்கு முழுசாப் பிடி கிட்டுது. மெஷினு, மேசை எல்லாம் உள்ளதுதான். ஆனா அதுக்கு மேல ஒண்ணு உண்டு. ஆச இருக்கும்போதே எடுத்துரணும். எல்லாருக்க கையிலயும் வந்து, போதும்னு ஆளு பறைய வரைக்கும் வச்சிருக்கப்பிடாது. முன்னயே எடுத்துட்டா, பொறவு காலாகாலத்துக்கும் அதையே நெனச்சுகிட்டு இருப்பானுவ. புதுசு வந்தாலும் வரிசையில வந்து நிப்பானுவ. அதாக்கும் வித்த."

கையிலிருந்த கிழங்கைத் தட்டில் திரும்ப வைத்தேன். இந்த வித்தை எனக்குத் தெரியாததா? கடைசிப் பதினைந்து நாளில் ருசி தெரிந்து நாக்கில் நிற்கும்போதே இலையை எடுத்துவிடுவார்களே, அதுதானே இது.

"அந்தக் கம்பெனிக்காரன் ஆளுவளுக்கு செய்ததத்தான் நீங்க எனக்கு இருபத்தாறு வருஷமா செய்திய" என்றேன். சண்டைக்குச் சொல்லவில்லை. உள்ளே இருந்தது வந்துவிட்டது.

அவர் கையிலிருந்த கிழங்கின் நாரை உரித்தார். பிறகு, "நான் நிறுத்தல்லியே. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க வந்துகிட்டுத்தானே இருந்தேன்" என்றார். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

இந்த மூன்று வருஷத்தில்தான் நான் கல்யாணம் கட்டினேன் என்று சொல்ல வேண்டும். நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு பஸ் இறங்கினால் குடையோடு நிற்பார், மழை இல்லாத நாளிலும். ஏன் என்று கேட்டால், "கொண்டு வந்தேன்" என்பார். ஒரு காரணமும் இல்லாமல் காலையில் பஸ் ஏறித் தோவாளைச் சந்தைக்குப் போவார். இலையில் பொதிந்த பிச்சிப்பூவோடு திரும்பி வருவார். நான் தலையில் பூ வைக்கிற ஆள் இல்லை. தம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு வைப்பேன். வீடு முழுக்க மணக்கும். ஒரு நாள் சாயா போட்டு எடுத்து வந்தார். தேயிலை போட மறந்திருந்தார். சுடு பாலைக் குடித்துவிட்டு, சாயா கொள்ளாம், நல்ல ருசி என்றேன். எனக்கு இது வேண்டும். இந்தக் கிறுக்கு மனுஷர் கண்ணுக்கு முன்னால் நடமாடிக்கொண்டிருக்க வேண்டும். வேறு ஒரு ஆசையும் எனக்கு இப்போது இல்லை.

அப்போதுதான் சிஜோவின் போன். கம்பெனி நீல டயலைத் திரும்பக் கொண்டு வருகிறதாம். ஒரு நூல் பெருசு, புது மெஷின், நீலம் மட்டும் கொஞ்சம் இருட்டு. பழைய ஆட்கள் எல்லாரும் வரிசையில் பெயர் கொடுத்துவிட்டு, ராஜையன் வந்து எடுத்துக் காட்டட்டும் என்கிறார்களாம். நிறுத்தினதும் அவர்கள், இப்போது விளிக்கிறதும் அவர்கள். நல்ல நியாயம்!

செவ்வாய்க்கிழமை இவர் மறுபடியும் கிணற்றடியில் போய் நின்றார். புதன்கிழமை சிஜோ அனுப்பிய படத்தை போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். போகத்தான் மனசு என்று நான் நினைத்தேன். நினைத்ததும் எனக்கு வழக்கமான புத்தி வந்துவிட்டது. வியாழக்கிழமை பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்தேன். அவர் வந்து பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எடுத்தாச்சா?" என்றார்.

"பூஞ்சை பிடிச்சிருக்கும்லா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்து போய்விட்டார். வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாப்பில் குடையோடு அவர் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், பழைய பாஸ்போர்ட்டையும் புதியதையும் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை நான் நேந்திரங்காய் ஒரு குலை வாங்கி வந்தேன். அவர் வாசலில் நின்று குலையைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனை முடிந்து வந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு காய் சீவ உட்கார்ந்தேன். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. முதல் ஈடு போட்டேன். அவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார். போன் கையில் இருந்தது.

"சிஜோவுக்கு விளிச்சுரட்டா?"

"விளிங்க. ஞாயித்துக்கிழமைன்னு பறஞ்சான்லா" என்றேன். கரண்டியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவர் நம்பரைத் தட்டினார். அந்தப் பக்கம் மணி அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒன்று, இரண்டு. வத்தல் சிவந்துவிட்டது, எடுக்க வேண்டும். என் கை எழும்பவில்லை. சித்தப்பாவின் முகம் வந்தது, சித்தியின் முகம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஆள் இல்லாத ரோட்டில் நான் நடக்கிறதும் வந்தது.

"ஜெப்சிக்க அப்பா, போவாண்டாம்."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். சிஜோ அந்தப் பக்கம் "அண்ணே?" என்றான். இவர் போனைத் துண்டித்தார்.

"என்ன பறஞ்ச?"

"போவாண்டாம். எனக்கு நீங்க இங்கன இருக்கணும். முட்டு வலிக்காவேண்டி இல்ல, வயசுக்காவேண்டி இல்ல. எனக்கு வேணும். அம்புட்டுதான்." அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. வத்தல் கருகுகிற வாசம் வந்தது. அவர்தான் குனிந்து அடுப்பை அணைத்தார்.

பக்கத்தில் கிடந்த பலகையை இழுத்துப் போட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு பைய உட்கார்ந்தார்.

"இத இண்ணைக்கு எதுக்குப் பறஞ்ச?"

"இம்புட்டு நாளும் பயந்துகிட்டு இருந்தேன். பயணம் போறவர மறிக்கப்பிடாதுன்னு. மறிச்சா உங்களுக்கு ஏதாவது வந்துருமோன்னு."

அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசும்போது குரல் வேறு எங்கோ இருந்து வந்தது.

"ரெண்டாயிரத்துல, ஜெப்சிக்கு ஒண்ணர வயசு. ஏர்போர்ட்டுல கண்ணாடிக் கதவுக்க கிட்ட வந்து நான் திரும்பிப் பாத்தேன். நீ ஒரு வார்த்த பறஞ்சிருந்தா பெட்டிய அங்கனயே போட்டுட்டு வந்திருப்பேன். அங்க போவ எனக்குக் காலு வரல்ல. நீ பிள்ளைக்க கையப் பிடிச்சு ஆட்டிகிட்டு, நேரமாச்சு, போங்கன்னு பறஞ்ச. செரி, இவளுக்கு நான் அங்க இருக்கதுதான் இஷ்டம் போலன்னு நெனச்சேன். இந்த மட்டமும் நீ பெட்டிய எடுத்து வெயில்ல வச்ச."

கரண்டியைக் கீழே வைத்தேன். "அப்பிடி எத்தன மட்டம் திரும்பிப் பாத்திய?" என்று கேட்டேன்.

"எல்லா மட்டமும்" என்றார்.

பதிமூன்று தடவை அவரை நான் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். போன் திரும்ப அடித்தது. அவர் அதை எடுக்கவில்லை, என்னையே பார்த்தார். நான் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"சிஜோ மக்கா, அவரு வரமாட்டாரு. இல்ல, அவரு பறஞ்சு தரல்ல. நானாக்கும் பறையுதேன்."